குடியாத்தத்தில் செய்திக் குழுக்கள் நடத்துகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள தம்பிகளுக்கும் தங்கைகளுக்கும் வணக்கம்.

குடியாத்தத்தில் இன்றைக்கு என்ன விசேஷம் என்று தெரிந்துகொள்ள நம் ஊர் ஜனங்கள் முதலில் பார்ப்பது உங்களைத்தான். காலையில் எழுந்ததும் வாட்ஸ்அப்பைத் திறந்தால் போதும். நெல்லூர்பேட்டையில் எத்தனை மணிக்குக் கரண்ட் போகும், எந்தத் தெருவுக்கு இன்று தண்ணீர், யார் தவறிவிட்டார், எத்தனை மணிக்கு எடுக்கிறார்கள், எல்லாம் அங்கே இருக்கிறது. பேப்பர் அப்புறம்தான். பெங்களூரிலும் துபாயிலும் வேலை பார்க்கும் நம் பிள்ளைகளுக்கோ ஊர்ச் செய்தி என்றாலே நீங்கள் போடுவது மட்டும்தான்.

நான் இந்தத் தாலுகாவுக்கு ஒரு நாளிதழின் பகுதி நேர நிருபராக வெகு காலம் இருந்தவன். இப்போது எழுதுவதில்லை. ஆனால் உங்கள் குழுக்கள் பலவற்றில் நானும் இருக்கிறேன், வருவதையெல்லாம் படிக்கிறேன். நம்மைப் போன்ற ஊர்களுக்குப் பத்திரிகைகள் ஒதுக்கும் இடம் வருடத்துக்கு வருடம் சுருங்கிக்கொண்டே வந்தது. விபத்து, கொலை, அமைச்சர் வருகை, கெங்கையம்மன் கோயில் சிரசுத் திருவிழா இவற்றைத் தவிர மற்றதெல்லாம் பெட்டிச் செய்தியாகி, பிறகு அதுவும் இல்லாமல் போனது. அந்த இடத்தை நீங்கள் சொந்த செல்போனில், சொந்தப் பெட்ரோல் போட்டு அலைந்து நிரப்பினீர்கள். 2021 நவம்பரில் மோர்தானா அணை நிரம்பி வழிந்து, நம் ஊர் வழியே ஓடும் கவுண்டன்ய மகாநதியில் வெள்ளம் வந்தபோது, எந்தக் கரையில் எந்தத் தெருவுக்குச் சாப்பாடு போய்ச் சேரவில்லை என்ற தகவல் உங்கள் போன்கள் வழியாகத்தான் ஓடியது. அதை ஊர் மறக்காது. நானும் மறக்கவில்லை.

ஊரே உங்களை நம்பி இருப்பதால்தான் இதை எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன். ஒரு பத்திரிகைக்கு உள்ள பொறுப்பு இனி உங்களுடையது. அதை முழுசாக ஏற்றுக்கொள்ளுங்கள் என்பதுதான் என் வேண்டுகோள்.

முதலில் தேதி. சின்ன விஷயம் போலத் தெரியும், ஆனால் பாதிக் குழப்பம் அங்கேதான் ஆரம்பிக்கிறது. "வேலூர் சி.எம்.சி.யில் ஆபரேஷன், ஓ நெகட்டிவ் ரத்தம் உடனே தேவை" என்று ஒரு செய்தி வரும். கீழே ஒரு செல் நம்பர் இருக்கும். என்றைக்கு, எத்தனை யூனிட், எதுவும் இருக்காது. நல்ல மனசுக்காரர்கள் பதறிப்போய் அந்த நம்பருக்குப் போடுவார்கள். "அண்ணே, அது போன வருஷம். அப்பா நல்லாகி வீட்டுக்கு வந்துட்டார்" என்று பதில் வந்தால் சந்தோஷம். அந்த அப்பா பிழைக்காமல் போயிருந்தால்? அந்த வீட்டுப் பிள்ளை மாதக்கணக்கில், முன்பின் தெரியாத ஒவ்வொருவரிடமும், "இல்லைங்க, அப்பா இறந்துட்டார்" என்று சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். அப்படிச் சொன்ன ஒரு பையனின் குரலை நானே போனில் கேட்டிருக்கிறேன். உதவி செய்ய நினைத்து அனுப்பியவர்கள்தான் அத்தனை பேரும். செய்தியின் தலையில் ஒரு தேதி, ரத்தம் கிடைத்ததும் "கிடைத்துவிட்டது, இனி அனுப்ப வேண்டாம்" என்று ஒரு வரி. இது இருந்தால் அந்த வீட்டுக்கு அந்தத் துன்பம் இல்லை.

மழைக்காலத்துப் பள்ளி விடுமுறையும் இப்படித்தான். 2019 நவம்பரில் ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் தனி மாவட்டங்களாகப் பிரிந்துவிட்டன. ஆம்பூர், வாணியம்பாடி எல்லாம் இப்போது திருப்பத்தூர் மாவட்டம். நாம் வேலூர் மாவட்டத்திலேயே இருக்கிறோம். அங்கே கலெக்டர் விடுமுறை விட்டால் இங்கே விட்டதாக ஆகாது. ஆனாலும் ஒரு மழை ராத்திரிக்குத் திருப்பத்தூர் அறிவிப்பும், முந்தின வருடத்து டிவி ஸ்க்ரீன்ஷாட்டும் ஒன்றாகக் கலந்து நம் குழுக்களில் சுற்றுகின்றன. காலையில் சில பிள்ளைகள் நனைந்துகொண்டே பள்ளிக்கு வந்து கேட்டைப் பார்த்துத் திரும்புகிறார்கள். சிலர் வீட்டிலேயே இருந்துவிட்டுப் பரீட்சையை விடுகிறார்கள். எந்த மாவட்டம், எந்தத் தேதி என்று பார்த்துவிட்டுப் போட அரை நிமிடம்கூட ஆகாது.

எங்கள் காலத்தில் செய்தி பஸ்ஸில் போகும். ஒரு பக்கம் மட்டும் எழுதிய வெள்ளைத்தாள், அடியில் கார்பன் நகல், கவர் மேல் பேப்பர் பெயர், பக்கத்தில் கொட்டை எழுத்தில் "செய்தி, அவசரம்". சாயங்கால வேலூர் வண்டியின் கண்டக்டர் கையில் கொடுத்தால் அங்கே ஆபீஸ் பையன் வந்து வாங்கிக்கொள்வான். ராத்திரி, செய்தியைச் சரிபார்த்துத் திருத்துகிற டெஸ்கிலிருந்து போன் வரும். "சார், இறந்தவருக்கு இனிஷியல் போடலையே? வயசு? எந்தத் தெரு? எஸ்.ஐ. சொன்னாரா, பக்கத்துல நின்னவங்க சொன்னாங்களா? மோதினது லாரியா, மினி லாரியா?" எனக்குப் பதில் தெரியாவிட்டால் மறுபடி சைக்கிளை எடுத்துக்கொண்டு போய் விசாரிக்க வேண்டும். விசாரிக்க முடியாவிட்டால் அந்தச் செய்தி அன்றைக்கு வராது, அவ்வளவுதான். எரிச்சலாக இருக்கும். ஆனால் அந்தக் கேள்விகளால் எத்தனையோ பேருடைய மானம் காப்பாற்றப்பட்டிருக்கிறது.

உங்களுக்கு மேலே அந்த டெஸ்க் இல்லை. எடுத்ததை அந்த இடத்திலேயே போட்டுவிடுகிறீர்கள், டீ ஆறுவதற்குள் ஊர் முழுக்கப் பரவிவிடுகிறது. ஆகவே அந்தக் கேள்விகளை நீங்களே உங்களைக் கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது. எங்கே, எப்போது, யார் சொன்னது. இந்த மூன்றுக்கும் பதில் இல்லாத எதையும் அனுப்பாதீர்கள். உங்களுக்கு அனுப்பியவர் சொந்த மாமாவாக இருந்தாலும் சரி, வார்டு கவுன்சிலராக இருந்தாலும் சரி.

நம் ஊர் காட்டோரத்து ஊர். வடக்கே எல்லை தாண்டினால் ஆந்திராவின் கவுண்டின்யா சரணாலயம். அங்கிருந்து யானைகள் பேரணாம்பட்டு, குடியாத்தம் பக்கத்து மாந்தோப்புகளுக்கு இறங்குவது புதிதில்லை. சிறுத்தையும் வருகிறது. 2024 டிசம்பரில் கே.வி. குப்பம் பக்கம் துருகத்தில் ஒரு இளம்பெண்ணைச் சிறுத்தை கொன்றது. அந்தப் பயம் நியாயமான பயம். அடுத்த நாளிலிருந்து என்ன நடந்தது என்று யோசித்துப் பாருங்கள். எங்கோ வட மாநிலத்தில் எடுத்த சிசிடிவி காட்சி, ஏதோ டீ எஸ்டேட்டில் சிறுத்தை மதில் தாண்டும் படம், எல்லாம் "இப்போது நம்ம ஊரில்" என்று வந்தது. ஆட்டுக்கு இலை ஒடிக்கப் போகிற அம்மாவுக்கு உண்மையில் தேவைப்பட்ட தகவல் வேறு: கூண்டு எங்கே வைத்திருக்கிறார்கள், எந்தப் பக்கம் கால்தடம் பார்த்தார்கள், வனத்துறைக்காரர் எந்த நேரத்துக்குப் பின் வெளியே போக வேண்டாம் என்றார். பொய்ப் படங்களுக்கு நடுவே அந்த மூன்று வரி காணாமல் போய்விட்டது. இன்னொரு ஆபத்தும் உண்டு. பத்து முறை பொய்யான சிறுத்தையைப் பார்த்தவர்கள் பதினோராவது முறை உண்மையான எச்சரிக்கை வரும்போது கதவைச் சாத்த மாட்டார்கள்.

இனி நான் சொல்லப்போவதைத் தயவுசெய்து நிதானமாகப் படியுங்கள். உங்களில் பலர் அப்போது பள்ளிக்கூடத்தில் இருந்திருப்பீர்கள்.

2018-ல், ஏப்ரல், மே மாதங்களில், நம் பழைய வட ஆற்காடு பகுதி முழுக்க வாட்ஸ்அப்பில் குரல் பதிவுகள் சுற்றின. வட இந்தியாவிலிருந்து பிள்ளை பிடிக்கும் கும்பல் வந்திருக்கிறது, இத்தனை பேர், இந்த ஊரில் நேற்று ஒரு குழந்தை, இப்படி. பேசியவர் யார் என்று யாருக்கும் தெரியாது. எந்தக் குழந்தை காணாமல் போனது என்றும் யாரும் கேட்கவில்லை. மே 9-ஆம் தேதி, போளூர் பக்கம் அத்திமூரில், குலதெய்வம் கோயிலுக்குக் காரில் வந்த ஒரு குடும்பம் வழி கேட்க நிறுத்தியது. அதில் இருந்த 65 வயது அம்மா அங்கே விளையாடிக்கொண்டிருந்த குழந்தைகளுக்குச் சாக்லெட் கொடுத்தார். பேரப்பிள்ளைகளைப் பார்த்தால் எந்தப் பாட்டியும் செய்கிற காரியம். கூட்டம் கூடியது. அந்த அம்மாவை அடித்தே கொன்றார்கள். கூட வந்தவர்கள் படுகாயத்தோடு கிடந்தார்கள். நம் வேலூர் மாவட்டத்திலும் அதே நாட்களில் வட மாநிலத்தைச் சேர்ந்த ஒருவர் இதே சந்தேகத்தில் அடித்துக் கொல்லப்பட்டார். அவருக்குத் தமிழ் தெரியாது. தான் யார் என்று சொல்லக்கூட அவரால் முடிந்திருக்காது.

அடித்தவர்களில் பலர் நம் போன்ற சாதாரணக் குடும்பத்துக்காரர்கள். கைதாகி, ஜாமீனுக்கு அலைந்து, கேஸ் நடத்திச் சீரழிந்த வீடுகள் அந்தப் பக்கம் உண்டு. ஆனால் அந்தக் குரல் பதிவைப் பத்து குழுக்களுக்குத் தள்ளிவிட்டவர்கள் இன்றைக்கும் நிம்மதியாகத் தூங்குகிறார்கள். தாங்கள் கொலையில் ஒரு கை கொடுத்தோம் என்பதே அவர்களுக்குத் தெரியாது. அந்த வருடம் ஜூலையில் வாட்ஸ்அப் நிறுவனம், இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து பேருக்கு மேல் தள்ளிவிட முடியாதபடி கட்டுப்பாடு கொண்டுவந்தது. கம்பெனிக்காரன் அவ்வளவுதான் செய்ய முடியும். ஐநூறு பேர், ஆயிரம் பேர் இருக்கும் குழுவில் ஒரே ஒரு முறை போட்டாலும் போதுமே. அங்கே தடுக்க வேண்டியவர் அட்மின்.

பிள்ளை பிடிப்பவர் என்று இனி ஏதாவது வந்தால், அதைக் குழுவில் போடாமல் 112-க்கோ, குழந்தைகளுக்கான 1098-க்கோ கூப்பிட்டுச் சொல்லுங்கள். டவுன் ஸ்டேஷனில் கேளுங்கள். "அப்படி எந்தப் புகாரும் இல்லை" என்று அவர்கள் சொன்னால், அதைப் போடுங்கள், எத்தனை மணிக்கு யாரிடம் கேட்டீர்கள் என்பதோடு சேர்த்து. வதந்தியை எடுத்துவிட்டால் மட்டும் போதாது. பயந்து போயிருக்கிற அம்மாவுக்கு ஒரு பதில் வேண்டும். கட்டடம் கட்டவும் தோல் தொழிற்சாலை வேலைக்கும் வந்திருக்கிற வட மாநிலப் பிள்ளைகள் நம் ஊரிலும் சுற்றுப்புறத்திலும் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்கள் ராத்திரி கடைக்குப் போய்ப் பத்திரமாகத் திரும்புவது உங்கள் விரல் நுனியில் இருக்கிறது.

சரி, போடக்கூடாததைச் சொல்லிவிட்டேன். போட வேண்டியதற்கு வருகிறேன். என் மனசுக்கு நெருக்கமானது இதுதான்.

1954-ல் முதலமைச்சராகப் பொறுப்பேற்ற காமராஜர், சட்டமன்ற உறுப்பினராவதற்குப் போட்டியிட்டது நம் குடியாத்தம் தொகுதியில். கம்யூனிஸ்ட் கட்சி எதிர்த்து நிற்க, காங்கிரசுக்கு எதிர் வரிசையில் இருந்த பெரியாரும் அண்ணாவும் அவரை ஆதரித்தார்கள். அந்த இடைத்தேர்தலை நாடே கவனித்தது. அப்படிப்பட்ட ஊருக்கு அரசியல் பேச யாரும் சொல்லித்தர வேண்டாம். டெல்லியில் யார் என்ன சொன்னார் என்று சந்தப்பேட்டை டீக்கடையில் காலை ஆறு மணிக்கே அலசி முடித்துவிடுவோம். ஆனால் போன மாத நகர்மன்றக் கூட்டத்தில் உங்கள் தெருக் கால்வாய்க்கு என்ன தீர்மானம் ஆயிற்று என்று அதே டீக்கடையில் கேட்டுப் பாருங்கள். ஒருவருக்கும் தெரியாது.

நமக்கு 36 வார்டு, 36 கவுன்சிலர்கள். கூட்டம் நடக்கிறது. அதிலிருந்து உங்கள் குழுக்களுக்கு வருவது என்ன? இரண்டு கவுன்சிலர்கள் வாக்குவாதம் செய்யும் முப்பது விநாடி வீடியோ, இல்லாவிட்டால் வெளிநடப்பு. அதைப் பார்க்கிறோம், நாலு கமெண்ட் போடுகிறோம், முடிந்தது. அந்த அமளி ஓய்ந்த பிறகு அஜெண்டாவில் உள்ள மன்றப் பொருள்கள் ஒவ்வொன்றாக வாசித்து நிறைவேறுகின்றன. எந்தத் தெருவுக்குச் சிமெண்ட் சாலை, எந்தச் சிறுபாலத்துக்கு எவ்வளவு மதிப்பீடு, தெருவிளக்குப் பராமரிப்பு யாருக்கு ஒப்பந்தம், குப்பை அள்ளும் வேலை எந்த நிறுவனத்துக்கு, கடை வாடகை ஏலம் எப்போது. நம் சொத்து வரி எங்கே போகிறது என்பது முழுக்க அந்தத் தாள்களில் இருக்கிறது. அதை வாசிக்கிற நேரத்தில் பத்திரிகையாளர் வரிசையில் உட்கார்ந்திருப்பவர்கள் பாதிப் பேர் கிளம்பிவிடுகிறார்கள்.

உங்களில் ஒருவர் கடைசிவரை உட்காருங்கள். கையில் ஒரு நோட்டு இருக்கட்டும். தீர்மானத்தின் எண், என்ன வேலை, எந்த வார்டு, எவ்வளவு பணம், எந்த நிதியிலிருந்து, யார் ஆட்சேபித்தார்கள். ஒரு கூட்டத்துக்கு ஒரு பக்கம் வந்தால் போதும். ஆரம்பத்தில் யாரும் லைக் போட மாட்டார்கள். மூன்றாவது மாதம் பாருங்கள், "எங்க வார்டுக்கு என்ன வந்துச்சு" என்று அவர்களே தேடி வருவார்கள். சாலை போட்டதாகக் கணக்கில் இருந்து தெருவில் இல்லாவிட்டால் அந்தத் தெருக்காரர்களே முதலில் கண்டுபிடிப்பார்கள். ஒரு எண்ணும் ஒரு தொகையும் கையில் இருக்கிற சாமானியன் கேட்கிற கேள்விக்கு எந்த அதிகாரியும் மழுப்ப முடியாது.

கொடுக்க மாட்டேன் என்றால் அதற்கும் வழி இருக்கிறது. 2005-ஆம் ஆண்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 4-வது பிரிவு, இப்படிப்பட்ட விவரங்களை யாரும் கேட்காமலேயே வெளியிட வேண்டும் என்று சொல்கிறது. வெளியிடாவிட்டால் 10 ரூபாய் கட்டணத்தோடு ஒரு மனு, 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். சண்டை போட வேண்டிய அவசியமே இல்லை. எங்கள் காலத்தில் இந்தச் சட்டம் இருந்திருந்தால் எத்தனை செய்திகளை எழுதியிருப்போம் என்று நினைத்தால் எனக்கு இன்றைக்கும் ஏக்கமாக இருக்கிறது. உங்கள் கையில் இருக்கிறது, பயன்படுத்துங்கள்.

பகுதி சபையைப் பற்றியும் சொல்ல வேண்டும். கிராமத்துக்குக் கிராம சபை இருப்பதுபோல, நகரத்தில் வார்டைப் பகுதிகளாகப் பிரித்து மக்களே உட்கார்ந்து பேசும் பகுதி சபைக் கூட்டம் தமிழ்நாட்டில் 2022 நவம்பர் 1-ஆம் தேதி, உள்ளாட்சி தினத்தன்று, முதல் முறையாக நடந்தது. உங்களில் எத்தனை பேர் அப்படி ஒரு கூட்டத்தில் உட்கார்ந்திருக்கிறீர்கள்? அதன் தேதியும் இடமும் ஒரு வாரம் முன்பாகவே உங்கள் எல்லாக் குழுக்களிலும் வந்தால் கூட்டம் நிரம்பும். வராவிட்டால் பதினைந்து பேர் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போட்டோ எடுத்துக்கொண்டு கலைந்துவிடுவார்கள். ஆள் சேர்ப்பது கட்சிக்காரர் வேலை. தேதி சொல்வது உங்கள் வேலை.

குழுவில் இல்லாதவர்களையும் நினைத்துக்கொள்ளுங்கள். இது பீடி சுற்றுகிற, தீப்பெட்டி ஒட்டுகிற, தறி ஓட்டுகிற ஊர். ஒரு வீட்டில் முறத்தை மடியில் வைத்துக்கொண்டு, இலையை வெட்டி, தூளை வைத்து, கண்ணால் பார்க்காமலேயே விரலால் உருட்டி நூலைச் சுற்றிக்கொண்டிருக்கிற அக்காவைப் பாருங்கள். சுற்றும்போது வாய் பேசும், காது கேட்கும், கை மட்டும் ஓயாது. அவருக்குப் போனை எடுத்துப் படிக்க ஏது நேரம்? வீட்டில் உள்ள ஒரே ஸ்மார்ட் போனும் மகனோடு வெளியே போயிருக்கும். கூலி உயர்வு, தொழிலாளர் நல வாரிய அட்டை புதுப்பிப்பு, பிள்ளைகளின் உதவித்தொகைக்குக் கடைசித் தேதி, இதெல்லாம் யாருக்காகவோ அவருக்கே அது கடைசியாகத்தான் தெரிகிறது. சில நேரம் தேதி முடிந்த பிறகு தெரிகிறது. இந்த மாதிரி செய்திகளை எழுத்தாகப் போடுவதோடு ஒரு நிமிடக் குரல் பதிவாகவும் போடுங்கள். தெருவில் ஒருவர் சத்தமாக வைத்தால் நாலு திண்ணைக்குக் கேட்கும்.

முன்பெல்லாம் இதற்குத் தண்டோரா இருந்தது. பறையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு ஒரே சமூகத்தைச் சேர்ந்தவரைத் தெருத்தெருவாக அனுப்புவது அவர்களைத் தாழ்த்துகிற வழக்கம். அதை நிறுத்தச் சொல்லி 2022 ஆகஸ்டில் தலைமைச் செயலாளர் உத்தரவிட்டது ரொம்பச் சரி. வண்டியில் மைக் கட்டிச் சொல்லலாம் என்றார்கள். எத்தனை தெருவுக்கு அந்த வண்டி வருகிறது என்பது உங்களுக்கே தெரியும். வராத தெருக்களுக்குச் செய்தியைக் கொண்டுபோவது உங்களால் முடியும்.

திருவிழாச் செய்தியில் நான் குறை சொல்ல ஒன்றும் இல்லை. வைகாசி முதல் நாள், தரணம்பேட்டை முத்தியாலம்மன் கோயிலிலிருந்து அம்மன் சிரசு புறப்பட்டு கோபாலபுரம் கெங்கையம்மன் கோயிலுக்கு வருகிற வரைக்கும் நீங்கள் நேரலையாகக் காட்டுவதை வெளிநாட்டில் இருப்பவர்கள் கண்ணீரோடு பார்க்கிறார்கள். என் மகளும் அப்படித்தான் பார்த்தாள். அந்த நேரலையின் கீழேயே எந்த ரோட்டில் வண்டி விடவில்லை, தொலைந்த குழந்தையை எங்கே கொண்டுவந்து ஒப்படைக்க வேண்டும், ஆம்புலன்ஸ் எங்கே நிற்கிறது என்று ஓடவிட்டால் கூட்டத்தில் நிற்பவர்களுக்கும் உதவும்.

படங்களைப் பற்றி ஒன்று கண்டிப்பாகச் சொல்கிறேன். விபத்தில் இறந்தவரின் முகத்தைப் போடாதீர்கள். பள்ளிகொண்டா பக்கம் ஹைவேயில் அடிபட்ட ஒருவரின் படம், அவர் மனைவிக்குப் போலீஸ் தகவல் சொல்வதற்கு முன்னாலேயே அந்த அம்மா கைக்குப் போய்ச் சேர்ந்ததை நான் அறிவேன். பாலியல் கொடுமைக்கு ஆளான பெண்ணின் பெயரையோ, தெருவையோ, பள்ளியையோ, அப்பாவின் பெயரையோ போடுவது சட்டப்படி குற்றம். குழந்தை என்றால் 2012-ஆம் ஆண்டுப் போக்சோ சட்டத்தின் 23-வது பிரிவில் சிறைத்தண்டனையே உண்டு. பத்திரிகைக்கு மட்டும்தான் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். காதலித்து வீட்டை விட்டுப் போன பெண்ணின் படத்தை "காணவில்லை" என்று போடச் சொல்லி யாராவது கேட்டால், ஸ்டேஷனில் கொடுத்த புகாரின் ரசீதைக் கேளுங்கள். பெண் மேஜரா என்று கேளுங்கள். யார் தேடுகிறார்கள், எதற்காகத் தேடுகிறார்கள் என்று தெரியாமல் போடும் ஒரு படம் ஒரு உயிரையே வாங்கிவிடும். நம் பக்கத்தில் இதை விளக்க வேண்டியதில்லை.

விளம்பரம் வாங்குங்கள், அதில் தப்பே இல்லை. பெட்ரோலும் டேட்டாவும் சும்மா வருவதில்லை. நகைக்கடை, மனை விற்பனை, ஸ்கூல் அட்மிஷன் எதுவானாலும் மேலே "விளம்பரம்" என்று போட்டுவிடுங்கள். காசு வாங்கிக்கொண்டு ஒருவரைப் புகழ்ந்தாலும் அதே சொல்லைப் போடுங்கள்.

கடைசியாக, மழை. மோர்தானா 11.5 மீட்டர் உயரமுள்ள அணை. நிரம்பினால் உபரித் தண்ணீர் தானாக வழிந்து கவுண்டன்ய மகாநதியில் இறங்கும். யாரும் திறந்துவிட வேண்டியதில்லை. அணை நிரம்புவது நல்ல செய்தி. கரையோரத்தில் இருப்பவர்களுக்கு அதே நேரத்தில் எச்சரிக்கையும்கூட. ஆனால் ஒவ்வொரு பெரிய மழையிலும் "அணை உடைஞ்சிடுச்சு" என்று ஒரு குரல் கிளம்புகிறது. அதைக் கேட்டு நடு ராத்திரியில் கைக்குழந்தையோடு மேட்டுக்கு ஓடியவர்கள் உண்டு. பொய் என்று தெரிந்ததும் அடுத்த முறை உண்மையாகவே தண்ணீர் ஏறும்போது நகராமல் உட்கார்ந்திருப்பவர்களும் உண்டு. பாலாற்றில் 1903 நவம்பரில் வந்த வெள்ளத்தில் வாணியம்பாடி என்ன கதியானது என்று நம் பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். ஆற்றங்கரை ஊருக்குச் சரியான செய்தி சரியான நேரத்துக்கு வருவது உயிர்ப் பிரச்சினை.

அதனால் இந்த வடகிழக்குப் பருவமழைக்கு முன்னால் ஒன்று செய்யுங்கள். உங்களுக்குள் போட்டி இருக்கிறது, யார் முதலில் போட்டது என்ற சண்டை இருக்கிறது, சில குழுக்களுக்குள் கட்சி வேறுபாடும் இருக்கிறது. அதெல்லாம் மற்ற நாளில் இருக்கட்டும். மழை நாட்களுக்கு மட்டும் எல்லாக் குழுக்களின் அட்மின்களும் சேர்ந்து ஒரு ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். நீர்வளத்துறையிலும் தாசில்தார் அலுவலகத்திலும் பேச இரண்டு பேரை நியமியுங்கள். அவர்கள் கேட்டு எழுதியதைத் தவிர அணையைப் பற்றியும் ஆற்றைப் பற்றியும் எந்தக் குழுவிலும் வேறு எதுவும் வரக்கூடாது. மூன்று மணி நேரத்துக்கு ஒரு முறை, அணையில் எத்தனை மீட்டர், வினாடிக்கு எத்தனை கன அடி வழிகிறது, எந்தத் தரைப்பாலத்தில் போக்குவரத்து இல்லை, எந்தப் பள்ளியில் தங்க இடம், மாவட்டப் பேரிடர் எண் 1077. புது விவரம் இல்லாவிட்டால் "மாற்றம் இல்லை" என்று நேரத்தோடு போடுங்கள். அந்த ஒரு வரிக்காகக் கரையோரத்தில் விடிய விடிய விழித்திருப்பவர்கள் இருக்கிறார்கள்.

அட்மின்கள் கூடிப் பேச இடம் வேண்டுமென்றால் என் வீட்டு மாடி காலியாகத்தான் இருக்கிறது. மன்றக் கூட்டத்துக் குறிப்பு எடுப்பது எப்படி, தகவல் உரிமை மனு எழுதுவது எப்படி என்று தெரிந்துகொள்ள விரும்புகிற தம்பி, தங்கைகளுக்கு என்னால் ஆனதைச் சொல்லித்தருகிறேன். பழைய மன்றத் தீர்மான நகல்களும் கொஞ்சம் வைத்திருக்கிறேன், வந்து எடுத்துக்கொள்ளலாம். ஐப்பசி பிறப்பதற்குள் முதல் கூட்டத்தை வைத்துவிடுங்கள்.

அன்புடன்,
முன்னாள் தாலுகா நிருபர் ஒருவர்,
குடியாத்தம்